வீதிக் குழாய் மாநகராட்சிக்கு, வீட்டுக் குழாய் யாருக்கு?

2024 மே மாதம் மைசூரு நகரின் விளிம்பில் உள்ள கே.சாலுண்டி கிராமத்தில், மாசடைந்த குடிநீரால் ஏராளமானோர் வாந்திக்கும் வயிற்றுப்போக்கிற்கும் ஆளாயினர். இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். கர்நாடக முதலமைச்சர் சித்தராமையாவின் சொந்த மாவட்டத்தில் நிகழ்ந்த சாவு இது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் மாதம் சித்ரதுர்கா நகரின் காவாடிகரஹட்டியிலும் குடிநீரே உயிர்களைப் பறித்தது. அது பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் பகுதி. இத்தகைய சாவுகளுக்குப் பின் நடப்பவை எல்லா ஊர்களிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அமைச்சர்கள் வருகிறார்கள், லாரியில் தண்ணீர் வருகிறது, நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது, மாதிரிகள் ஆய்வகத்திற்குச் செல்கின்றன. பின்னர் தோண்டிய குழி மூடப்படுகிறது. குழிக்குள் இருந்த பழைய குழாய் அங்கேயே இருக்கிறது.

அந்தக் குழாயைப் பற்றித்தான் பேச வேண்டியுள்ளது. நகரத்தின் குடிநீர் வலைப்பின்னலில் இரண்டு பகுதிகள் உண்டு. நீரேற்று நிலையிலிருந்து தெரு வரை வரும் பெருங்குழாய்கள் ஒன்று. தெருக் குழாயில் துளையிட்டு, அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் பிரியும் அரை அங்குல, முக்கால் அங்குலக் குழாய் மற்றொன்று. முதலாவது பொதுச் சொத்து. அதை மாற்றும் செலவு திட்டமாகிறது, மத்திய அரசின் நிதியாகிறது, அடிக்கல் நாட்டு விழாவாகிறது. இரண்டாவது பொதுச் சாலையின் அடியில் கிடந்தாலும், அதைப் பதிப்பதும் பழுதுபார்ப்பதும் வீட்டுக்காரரின் பாடு என்பதே இந்திய நகரங்களில் நிலவும் நடைமுறை. சாலையை வெட்டுவதற்குத் தனிக் கட்டணம், பிளம்பருக்குக் கூலி, குழாய்க்கு விலை, அந்த விலையின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என எல்லாமே அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன. வாடகைக்கு இருப்பவரின் நிலை இன்னும் மோசம். வீட்டு உரிமையாளர் செலவு செய்யமாட்டார். குடியிருப்பவரால் செய்ய இயலாது.

நகரின் குடிநீர் கெடுவது பெரும்பாலும் இந்தக் கடைசிச் சில அடிகளில்தான். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட வீடுகளுக்குச் சென்றவை பெரும்பாலும் ஜி.ஐ. எனப்படும் துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் குழாய்கள். பூச்சு கரைந்ததும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்குகிறது. உட்புறம் துரு கட்டிகட்டியாகப் படிந்து நீர்வழி சுருங்குகிறது. வெளிப்புறம், மரை வெட்டிய இணைப்புகளில் சுவர் மெலிந்து ஊசித் துளைகள் விழுகின்றன. குறுகிய சந்துகளில் இக்குழாய்கள் சாக்கடையை ஒட்டியோ, அதைக் குறுக்கே கடந்தோ செல்கின்றன. தண்ணீர் வரும் நேரத்தில் அந்தத் துளை வழியே நீர் வெளியே கசியும். நின்றபின் அதே துளை வழியே சாக்கடை உள்ளே ஊறும். அழுத்தம் போதாத வீடுகளில் இணைப்புக் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகிறார்கள். அப்போது கழிவுநீர் ஊறுவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை, இழுக்கப்பட்டே உள்ளே வந்துவிடும். மோட்டார் வைத்தவர்மீது அபராதம் விதிப்பதோடு நிர்வாகத்தின் கடமை முடிந்துவிடுகிறது. குழாயில் வராத தண்ணீருக்காக அவர் வேறு என்னதான் செய்ய முடியும் என்ற கேள்வி எழுப்பப்படுவதில்லை.

மைசூருவுக்குக் குடிநீர் ஏற்பாடு புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திவான் பூர்ணையா காவிரியிலிருந்து நகருக்குக் கால்வாய் வெட்ட முயன்றார், அது நிறைவேறவில்லை. மகாராணி வாணி விலாசின் பெயரைத் தாங்கிய நீர்ப்பணி அமைப்பே இன்றுவரை நகரின் குடிநீரைக் கவனிக்கிறது. பிளேக் நோய் ஊரைச் சூறையாடியபின் 1903இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் அமைக்கப்பட்டது. அகன்ற தெருக்களும் புறவடிகால்களும் கொண்ட புதிய குடியிருப்புகள் எழுந்தன. சாவு அரண்மனையின் மதிலையும் தாண்டும் என்று தெரிந்தபோதுதான் ஆள்வோருக்குச் சுகாதாரம் நினைவுக்கு வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். எப்படியாயினும், நோய்த்தடுப்பு தனி வீட்டின் விவகாரமன்று, நகரத்தின் பொறுப்பு என்பதை மன்னராட்சிகூட ஏற்க நேர்ந்தது.

நூறாண்டு கழித்து, குடியரசின் கொள்கை எதிர்த்திசையில் நடந்தது. 2005 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டத்தில் மைசூருவும் இடம்பெற்றது. பராமரிப்புச் செலவு முழுவதையும் பயனாளிகளிடமே வசூலிக்கும் நிலையை எட்ட வேண்டும் என்பது அத்திட்டத்தின் நிபந்தனைகளுள் ஒன்று. அதன்கீழ் நகரின் நீர்ப் பகிர்மான வலைப்பின்னலைச் சீரமைக்கும் பணி 2008இல் டாட்டா குழுமத்தின் ஜஸ்கோ நிறுவனத்திடம் ஆறாண்டு ஒப்பந்தமாக ஒப்படைக்கப்பட்டது. 24 மணி நேரமும் தண்ணீர் என்பது வாக்குறுதி. மக்கள் அமைப்புகளும் இடதுசாரிகளும் தொடக்கத்திலேயே எதிர்த்தனர். பணி தாமதமானது, மாநகராட்சி மன்றத்திற்குள்ளேயே கண்டனங்கள் எழுந்தன. ஒப்பந்தம் முடிந்தபோதும் நகர் முழுமைக்கும் 24 மணி நேரத் தண்ணீர் வந்துசேரவில்லை. குழாய்களின் பொறுப்பு மீண்டும் வாணி விலாஸ் நீர்ப்பணிப் பிரிவிடமே வந்தது. பொதுப்பணம் செலவானது, துருப்பிடித்த குழாய்கள் மிஞ்சின.

தமிழ்நாட்டில் இதன் மறுபதிப்பு கோவையில் நடக்கிறது. 2018இல் பிரெஞ்சுப் பன்னாட்டு நிறுவனமான சூயஸிடம் சுமார் 3,150 கோடி ரூபாய் மதிப்பில் 26 ஆண்டுகளுக்கு நகரின் குடிநீர் விநியோகம் ஒப்படைக்கப்பட்டது. அன்று எதிர்க்கட்சியாக இருந்து அதைக் கண்டித்த தி.மு.க. 2021இல் ஆட்சிக்கு வந்தது. ஆட்சி மாறியது, ஒப்பந்தம் மாறவில்லை.

இங்கே இடதுசாரி ஊழியர்கள் தயக்கமின்றிப் பேச வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ‘24 மணி நேரத் தண்ணீர்’ என்ற சொல் தனியார்மயத்தின் முகமூடியாகப் பயன்பட்டதால், அந்தக் கோரிக்கையையே சந்தேகத்துடன் பார்க்கும் பழக்கம் பலரிடம் ஏற்பட்டுவிட்டது. இது தவறு. குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருந்தால் சாக்கடை உள்ளே வர இயலாது. இது பொறியியல் உண்மை. எந்த நிறுவனத்தின் சொத்தும் அன்று. கர்நாடகத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. உலக வங்கிக் கடனில் ஹூப்ளி, தார்வாட், பெலகாவி, கலபுரகி நகரங்களின் சில பகுதிகளில் தொடர் விநியோகம் சோதனையாக நடத்தப்பட்டது. நடத்தியது வியோலியா என்ற பன்னாட்டு நிறுவனம். ஹூப்ளி-தார்வாடில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரு வகை இணைப்புகளின் குழாய் நீரையும் எடுத்துச் சோதித்தனர். விட்டு விட்டுத் தண்ணீர் வரும் பகுதிகளில் 31.7 சதவீத மாதிரிகளில் மலக் கிருமியான ஈ-கோலை இருந்தது. தொடர்ந்து வரும் பகுதிகளில் 0.7 சதவீத மாதிரிகளில் மட்டுமே இருந்தது. 2013இல் வெளியான அந்த முடிவு வியோலியாவுக்கான நற்சான்றிதழ் அன்று. புதிய குழாய், அதில் நிற்காத அழுத்தம், இவையே கிருமியைத் தடுத்தன. அதை ஒரு மாநகராட்சியாலும் செய்ய முடியும்.

முடிந்தும் இருக்கிறது. ஒடிசாவின் புரி நகரில் 2021 ஜூலை முதல் குழாயிலிருந்தே நேரடியாகக் குடிக்கத் தக்க நீர் 24 மணி நேரமும் வழங்கப்படுவதாக அரசு அறிவித்தது. நடத்துவது மாநில அரசுக்குச் சொந்தமான வாட்கோ. மீட்டர் பார்ப்பதும் நீரின் தரத்தைச் சோதிப்பதும் ‘ஜலசாத்தி’ எனப்படும் மகளிர் சுயஉதவிக் குழுவினர். அப்பெண்களுக்கு நிரந்தர ஊழியர் தகுதியோ அதற்குரிய ஊதியமோ இல்லை என்ற குறையை மூடிமறைக்க வேண்டியதில்லை. ஆனால் பன்னாட்டு நிறுவனம் இல்லாமல் இது நடவாது என்ற வாதம் அங்கே பொய்த்துப்போனது. 2010இல் பாரிஸ் நகரமும் தன் குடிநீரை வியோலியா, சூயஸ் நிறுவனங்களிடமிருந்து திரும்பப் பெற்றது. கோவையில் 26 ஆண்டுகளுக்கு அமர்த்தப்பட்டிருக்கும் அதே சூயஸ், தன் சொந்த நாட்டின் தலைநகரில் வெளியேற்றப்பட்ட நிறுவனம்.

இனி, வீட்டுக் குழாயின் செலவு. இது தனியார் சொத்து, இதற்குப் பொதுப்பணமா என்று கேட்கப்படும். முதலாளித்துவத்தின் தலைமையிடமான அமெரிக்காவே இதற்கு விடை தந்திருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் 2014இல் சிக்கன நடவடிக்கையாக நீராதாரம் மாற்றப்பட்டது. அந்த நீர் ஈயக் குழாய்களை அரித்தது. கறுப்பின உழைப்பாளி மக்கள் பெரும்பான்மையாக உள்ள அந்நகரின் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. மக்கள் போராடி, வழக்காடி, 2017இல் ஓர் உடன்பாட்டைப் பெற்றனர். அதன்படி வீடுகளுக்குச் செல்லும் ஈய, இரும்பு இணைப்புக் குழாய்களைக் குடியிருப்போரிடம் ஒரு காசும் வாங்காமல் மாற்றித் தர வேண்டியதாயிற்று. நியூஜெர்சியின் நெவார்க் நகரம் இன்னும் ஒரு படி சென்றது. அங்கே பெரும்பாலோர் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். உரிமையாளரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் குழாயை மாற்றலாம் என 2019இல் நகரமன்றம் சட்டம் இயற்றியது. சுமார் மூன்றே ஆண்டுகளில் 20,000க்கும் மேற்பட்ட ஈய இணைப்புகள் இலவசமாக மாற்றப்பட்டன. குடியிருப்பவரின் உடல்நலமா, உரிமையாளரின் கையெழுத்தா என்ற கேள்விக்கு அங்கே சட்டமே விடை சொன்னது. இந்திய நகரங்களில் அப்படியொரு விதி ஏன் கூடாது?

மாற்றுவதில் கவனமும் வேண்டும். இரும்புக்குப் பதிலாக வரும் மலிவான பி.வி.சி. குழாய்களின் உற்பத்தியில் ஈயக் கலவை சேர்க்கப்பட்டு வந்தது. அதை நீக்குவதற்கான விதிகளை ஒன்றிய அரசு 2021இல்தான் அறிவித்தது. கடையில் கேட்ட விலைக்குக் குழாய் வாங்கும் ஏழை, தரமுத்திரையைச் சரிபார்த்து வாங்குவார் என எதிர்பார்ப்பது வீண். மொத்தமாக வாங்கி, சோதித்து, பதித்துத் தரும் பொது அமைப்பே இதற்குப் பொருத்தமானது.

குழாய் மாற்றுபவர் யார் என்பதும் இதனோடு சேர்ந்த கேள்வி. இந்திய நகரங்களின் பிளம்பர்களில் கணிசமானோர் ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்திலிருந்து புலம்பெயர்ந்தவர்கள். தலைமுறை தலைமுறையாகத் தொழிலைக் கைமாற்றிக் கொடுத்த ஊர் அது. சாக்கடை ஊறும் குழியில் கையுறையின்றி இறங்கி, நாள்கூலிக்கு இரும்பில் மரை வெட்டுகிறவர்கள் இவர்கள். கட்டடத் தொழிலாளருக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம் புதுக் கட்டுமானத்தை மட்டுமல்ல, பழுதுபார்ப்பையும் பராமரிப்பையும் கட்டுமானப் பணியாகவே வரையறுத்தது. ஆயினும் இன்று ஒரு வீடு, நாளை வேறு வீடு என்று அலைகிறவரால் ஆண்டுக்கு 90 நாள் வேலை செய்ததற்கான சான்றை யாரிடம் பெற முடியும்? மாநகராட்சியின் கீழ் நிரந்தரக் குழாய்ப் பணிப் பிரிவுகள் அமைந்தால் இவர்களது வேலையும் பாதுகாக்கப்படும். பதித்த குழாய்க்கு ஒரு பொறுப்பாளரும் இருப்பார்.

கட்சியின் தமிழ் உறுப்பினர்கள் இதைக் கர்நாடகத்தின் உள்ளூர் விவகாரமாகக் கருதிவிடக் கூடாது. மைசூருவின் குழாய்களில் ஓடுவது காவிரியும் கபினியும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்திற்குக் கூடுதலாக வழங்கிய 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூருவின் குடிநீர்த் தேவையைக் கருதி அளிக்கப்பட்டது. நகரங்களின் தாகத்தின் பெயரால் ஒவ்வொரு டி.எம்.சி.யும் எண்ணிப் பேசப்படும்போது, அதே நகரங்களின் ஓட்டைக் குழாய்களில் மண்ணுக்குள் போகும் நீரைப் பற்றி எந்த இனவெறி அமைப்பும் வாய் திறப்பதில்லை. 1991இல் காவிரியின் பெயரால் கர்நாடகத்தில் தாக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளியும் அவருடைய கன்னட அண்டைவீட்டாரும் ஒரே தெருக்குழாயில்தான் வரிசையில் நின்றனர்.

மைசூருவில் லான்ஸ்டவுன் கட்டடம் 2012இல் இடிந்து நால்வர் இறந்தனர். 2016இல் தேவராஜ சந்தையின் ஒரு பகுதி சரிந்தது. அவற்றை இடிப்பதா, புதுப்பிப்பதா என்று அரசும் நீதிமன்றமும் பாரம்பரிய ஆர்வலர்களும் ஆண்டுக்கணக்கில் விவாதித்தனர். விவாதம் தேவைதான். கண்ணுக்குத் தெரியாத குழாய்க்கு அத்தகைய ஆர்வலர்கள் இல்லை. நாட்டின் தூய்மையான நகரம் என 2016இல் முதலிடம் பெற்ற ஊரில், தூய்மை தரைமட்டத்தோடு அளக்கப்பட்டது.

கோரிக்கைகள் தெளிவானவை. தெருக் குழாயிலிருந்து வீட்டு மீட்டர் வரையிலான குழாய் பொது வலைப்பின்னலின் பகுதியெனச் சட்டத்தில் அறிவிக்கப்பட வேண்டும். ‘அம்ருத்’ போன்ற திட்டங்களின் நிதியில் வீட்டு இணைப்புகளை மாற்றுவதற்கெனத் தனிப் பங்கு ஒதுக்க வேண்டும். குடிசைப் பகுதிகளும் பழைய மொஹல்லாக்களும் முதலில் வரவேண்டும். சாலை வெட்டும் கட்டணம் ஒழிய வேண்டும். இவற்றை யாரிடம் கேட்பது என்பதே மைசூருவில் இப்போது சிக்கலாகியுள்ளது. மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2023 நவம்பரில் முடிந்தபின் உரிய காலத்தில் தேர்தல் நடத்தப்படவில்லை. நகரம் அதிகாரிகளின் கையில் விடப்பட்டது. தேர்தலுக்கான போராட்டம் நடக்கும்போதே செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. எந்தச் சந்தில் எந்தக் குழாய், ஏறத்தாழ எந்த ஆண்டில் பதித்தது, எத்தனை இணைப்புகள் சாக்கடைக்குள் செல்கின்றன, எந்த வீடுகளில் முதல் பத்து நிமிடம் மஞ்சள் நீர் வருகிறது, எங்கே வயிற்றுப்போக்கு திரும்பத் திரும்ப வருகிறது என்பவற்றைக் கிளைத் தோழர்கள் வீடு வீடாகக் கேட்டு எழுதலாம். மழைக்காலம் தொடங்கும் முன் அந்தப் பட்டியல் வாணி விலாஸ் அலுவலகத்தின் மேசைக்குச் சென்றுசேர வேண்டும்.