பாதித் தொடரில் ஒரு கேள்வி: உங்கள் அணி எது?

சித்திரை பிறந்துவிட்டால் கொட்டாஞ்சேனையில் நான் வழக்கமாகச் செல்லும் சலூனில் முடி வெட்டி முடிய இருமடங்கு நேரம் பிடிக்கும். கத்தரிக்கோல் அடிக்கடி நின்றுவிடும். சுவரிலுள்ள தொலைக்காட்சியில் ஐ.பி.எல். ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் அணியும் ஏழெட்டு ஆட்டங்கள் ஆடி முடித்திருக்கும் வேளை அது. புள்ளிப்பட்டியல் அங்கிருக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். "இன்னும் அஞ்சு மெட்ச் வென்டா போதும் சேர், மிச்சத்த மும்பை பாத்துக்கும்" என்று என் பின்னந்தலைக்கு மேலே ஒரு கணக்கு ஓடும். அதை மறுத்து அடுத்த கதிரையிலிருந்து இன்னொரு கணக்கு வரும். பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்கு அஞ்சி ஓடிய பிள்ளைகள் மூன்று தசம தானங்கள் வரை நிகர ஓட்ட வேகத்தைக் கணித்துச் சொல்வதை நான் அங்கேதான் கண்டேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி மேசையில் இருந்தவன் நான். இறுதிப்போட்டிகளைப் பற்றித்தான் நாங்கள் பெரிய எழுத்தில் தலைப்பிட்டோம். ஆயினும் ஓர் இரசிகனின் உண்மையான காலம் இறுதிப்போட்டி அல்ல, தொடரின் நடுப்பகுதிதான் என்று இப்போது எண்ணுகின்றேன். இறுதிப்போட்டியில் இரண்டு அணிகளின் இரசிகர்களுக்கு மட்டுமே வேலை. பாதித் தொடரிலோ கடைசி இடத்தில் கிடக்கும் அணியின் இரசிகனுக்கும் பேச ஒரு நியாயம் இருக்கின்றது.

அந்த நியாயம் வெறும் கற்பனையுமல்ல. 2010 இல் சென்னை சூப்பர் கிங்ஸ் முதல் ஏழு ஆட்டங்களில் ஐந்தைத் தோற்றது. தர்மசாலாவில் வென்றேயாக வேண்டிய ஆட்டத்தை தோனி கடைசி ஓவரில் முடித்துக்கொடுக்க, 14 புள்ளிகளோடு நான்கு அணிகள் சமநிலையில் நின்றன. நிகர ஓட்ட வேகத்தால் உள்ளே நுழைந்த சென்னை, அந்த ஆண்டின் கிண்ணத்தையே கொண்டுபோனது. 2014 இல் மும்பை முதல் ஐந்து ஆட்டங்களையும் தோற்றது. கடைசி லீக் ஆட்டத்தில் ராஜஸ்தானின் 189 ஓட்டங்களை 14.3 ஓவர்களில் கடக்க வேண்டும் என்ற நிலை. அந்தப் பந்தில் ஓட்டங்கள் சமமாகின. அடுத்த பந்தில் ஒரு பவுண்டரியாவது வேண்டும் என்று கணக்கு மாறியது. ஆதித்ய தாரே சிக்ஸர் அடித்தார். மும்பை உள்ளே, ராஜஸ்தான் வெளியே.

நிகர ஓட்ட வேகம் என்பது ஓர் அணி ஓவருக்கு எடுத்த ஓட்டங்களிலிருந்து, ஓவருக்குக் கொடுத்த ஓட்டங்களைக் கழித்தால் வருவது. சகல விக்கெட்டுகளையும் இழந்த அணிக்கு அது எத்தனை ஓவர் ஆடியிருந்தாலும் முழு 20 ஓவர்களும் கணக்கில் சேரும். எனவே, சித்திரையில் ஒரு சாதாரண ஆட்டத்தில் அலட்சியமாக இழந்த பத்து ஓட்டங்கள் வைகாசியில் வந்து கழுத்தைப் பிடிக்கக்கூடும். 2024 மே 18 ஆம் திகதி பெங்களூரில் அதுதான் நடந்தது. பெங்களூர் 218 ஓட்டங்கள் எடுத்தது. சென்னை தோற்றாலும் பரவாயில்லை, 201 எடுத்தால் அடுத்த சுற்று. கடைசி ஓவரில் அதற்கு 17 வேண்டும். முதற்பந்தில் தோனி சிக்ஸர், இரண்டாவது பந்தில் ஆட்டமிழப்பு. சென்னை 191 இல் நின்றது. இரு அணிகளுக்கும் 14 புள்ளிகள், ஒன்றுக்கு 0.459, மற்றதற்கு 0.392. முதல் எட்டு ஆட்டங்களில் ஏழைத் தோற்றிருந்த பெங்களூர் உள்ளே சென்றது. அன்றிரவு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஓர் உணவகத்தில் கொத்துரொட்டி போடும் தகரச் சத்தம்கூடச் சற்று நேரம் ஓய்ந்திருந்தது.

ஸ்காபரோவிலிருக்கும் என் மருமகனுக்கு இதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு. அவன் பேஸ்போல் பைத்தியம். "மாமா, உங்கட ஆக்கள் 14 மெட்ச் விளையாடிப்போட்டு உந்தப் பாடு படுகினம். இஞ்ச 162 மெட்ச்" என்பான். 2025 யூலைத் தொடக்கத்தில் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி நியூயோர்க் யாங்கீஸை நான்கு ஆட்டங்கள் கொண்ட தொடரில் நான்கிலும் வென்றபோது எனக்கு நள்ளிரவில் தொலைபேசி எடுத்தான். பருவம் முடிந்தபோது இரு அணிகளும் 94 வெற்றி, 68 தோல்வி என்று சமமாக நின்றன. தமக்குள் ஆடிய ஆட்டங்களில் கூடுதலாக வென்றது ரொறன்ரோ என்பதால் பிரிவின் முதலிடம் அதற்குக் கிடைத்தது. யூலையில் கத்திய கத்தலுக்கு ஒக்ரோபரில் பெறுமதி வந்தது. இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் பதினொரு இன்னிங்ஸ் ஆடி, 5–4 என்று டொட்ஜர்ஸிடம் தோற்றார்கள். மருமகன் இரண்டு நாட்கள் தொலைபேசி எடுக்கவில்லை.

அவனிடம் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: நீ ஏன் ரொறன்ரோவை ஆதரிக்கிறாய்? இருக்கும் ஊர், ஆதரிக்கிறான், அவ்வளவுதான். கொழும்புத் தமிழனுக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. இங்கே "எந்த அணி போகும்?" என்று தொடங்கும் விவாதம் அரை மணி நேரத்தில் "நீ எந்தப் பக்கம்?" என்று மாறிவிடுகின்றது.

மஞ்சள் சட்டை அணிந்த இளைஞன் ஒருவனிடம் வெள்ளவத்தை உணவகத்தில் ஒரு பெரியவர் கேட்டதை நான் பக்கத்து மேசையிலிருந்து கேட்டேன். "தம்பி, 2013 இல என்ன நடந்தது எண்டு தெரியுமோ?" இளைஞனுக்குத் தெரியவில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கின்றேன். அந்த ஆண்டு மார்ச் மாதம், இலங்கையின் இறுதி யுத்தக் குற்றங்களைக் கண்டித்துத் தமிழ்நாட்டில் மாணவர் போராட்டங்கள் எழுந்திருந்த வேளையில், முதலமைச்சர் ஜெயலலிதா இந்தியப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடுவதில்லை என்று ஐ.பி.எல். ஆட்சிக்குழு முடிவெடுத்தது. பெங்களூர் அணியிலிருந்த முரளிதரனும் அந்த முடிவுக்குள் அடங்கினார். 2008 முதல் 2010 வரை சென்னையின் மஞ்சள் சட்டையில் ஆடிய தமிழர் அவர். 1947 இல் கொழும்பிலிருந்து சென்ற மகாதேவா சதாசிவம் 215 ஓட்டங்கள் குவித்தது அதே சேப்பாக்கத்தில்தான்.

அந்த மாணவர்களின் கோபத்தில் பொய் இருக்கவில்லை. எங்களுக்காகத்தான் அவர்கள் வீதிக்கு வந்தார்கள். ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு பந்துவீச்சாளர் நின்றுகொண்டிருந்தார்.

மறுபுறத்திலும் இதே கேள்வி உண்டு. இலங்கை அணி வென்றால் மகிழும் தமிழனைப் பார்த்து, புலம்பெயர்ந்த உறவுகள் சிலர் "உனக்கு வெட்கமில்லையா?" என்கிறார்கள். இந்திய அணி வென்றால் மகிழும் தமிழனைப் பார்த்து, இங்குள்ள சிங்கள நண்பர்கள் சிலர் "அப்படியென்றால் நீ இந்தியனா?" என்கிறார்கள். 1990 இல் பிரித்தானிய அரசியல்வாதி நோர்மன் டெபிட், குடியேறிகள் எந்த நாட்டு அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்த்தால் அவர்களின் விசுவாசம் தெரிந்துவிடும் என்ற பொருளில் பேசிக் கண்டனத்துக்குள்ளானார். நாங்கள் அவரைக் கண்டித்தோம், நானும் அப்போது எழுதினேன். அதே பரீட்சையைத்தான் இன்று ஒருவருக்கொருவர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

என் நிலைப்பாடு இதுதான். ஒருவன் எந்த அணியை விரும்புகிறான் என்பது அவனது பத்து வயதில் யார் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார் என்பதைப் பொறுத்தது. அப்பாவோ, மாமாவோ, முடிவெட்டும் அண்ணனோ. அதைக்கொண்டு அவனது அரசியலை அளக்க முடியாது. 2022 ஏப்ரலில் இதை நேரிலேயே கண்டேன். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாட்கள் அவை. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசை. அர்ஜுன ரணதுங்க, ஐ.பி.எல். இல் ஆடும் இலங்கை வீரர்கள் ஒரு வாரம் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து மக்கள் போராட்டத்துக்கு ஆதரவு தர வேண்டும் என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் பெற்றோல் வரிசையில் நின்றபடி கைத்தொலைபேசியின் கடைசிப் பத்து வீத மின்னில் பானுக ராஜபக்ச பஞ்சாபுக்காக அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் பலரை, மாலையில் காலிமுகத்திடலிலும் கண்டேன். இரண்டும் ஒரே பிள்ளைகள்தான்.

இந்த அணிகள் எல்லாம் வியாபாரம், இதில் என்ன விசுவாசம் என்று கேட்போரும் உண்டு. கேள்வி நியாயமானதே. வீரர்கள் ஏலத்தில் போகிறார்கள்; சூதாட்ட விவகாரத்தால் சென்னையும் ராஜஸ்தானும் 2016, 2017 ஆம் ஆண்டுகளில் தொடருக்கே வெளியே நிறுத்தப்பட்டன. 2025 இல் சென்னை முதற்தடவையாகக் கடைசி இடத்துக்குப் போனது. அவ்வளவுக்குப் பிறகும் சலூனில் மஞ்சள் சட்டை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. முதலாளி விற்பதும் இரசிகன் வைத்திருப்பதும் ஒரே பொருளல்ல.

ஆனால் விரும்பும் உரிமை இருந்தால் கேட்கும் கடமையும் இருக்கின்றது. இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை.

லங்கா பிரிமியர் லீக் 2020 முதல் 2024 வரை ஐந்து தொடர்கள் நடைபெற்றது. அவற்றில் நான்கில் கிண்ணத்தை வென்றது யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி. 2020 இல் ஸ்டாலியன்ஸ் என்றும், பின்னர் கிங்ஸ் என்றும் பெயர். 2023 இல் மட்டும் கண்டி. கொட்டாஞ்சேனையிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள பிரேமதாச மைதானத்தில் யாழ்ப்பாணம் ஆடிய இரவுகளில், வெள்ளவத்தையிலிருந்து முச்சக்கரவண்டிகள் நிறைந்து சென்றன. பிள்ளைகள் தொண்டை கட்டக் கத்தினார்கள். ஆனால் அந்த ஐந்து தொடர்களில் ஓர் ஆட்டமேனும் யாழ்ப்பாண மண்ணில் நடைபெறவில்லை. நடத்துவதற்குரிய மைதானம் அங்கே இல்லை.

அந்த அணியில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ண ஒரு கையின் விரல்களே போதும். யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில் முதல் ஆட்டம் ஆடியபோது அவருக்கு வயது 18. முதல் விக்கெட்டாக அஞ்சலோ மத்யூஸை வீழ்த்தினார். 2024 மே மாதத்தில் காயமடைந்த ஹசரங்கவுக்குப் பதிலாக ஹைதராபாத் அணியில் சேர்ந்து ஐ.பி.எல். இலும் பந்துவீசினார். அன்று சலூனில் சென்னை, மும்பை என்ற பேதமின்றி எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள். ஒரு தடவையாவது அணி எது என்ற கேள்வி எழவில்லை.

வியாஸ்காந்த் ஒருவர் வந்துவிட்டார் என்று நாங்கள் ஆறுதல் அடைந்துவிடக் கூடாது. 1904 இலிருந்து மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் ஆடிவரும் வடக்கின் பெரும்போர் நடக்கும் ஊர் அது. நூற்றாண்டு கடந்த பாடசாலைக் கிரிக்கெட்டிலிருந்து நாட்டின் அணிக்கு வீரர் வரும் வழி ஏன் இவ்வளவு ஒடுங்கியிருக்கிறது? யுத்தம் ஒரு காரணம். அது 2009 இல் முடிந்தது. மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கான அடிக்கல்லை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 2025 செப்டெம்பர் முதலாம் திகதி நாட்டினார். அடிக்கற்களைப் பற்றிச் செய்தி எழுதியே வயதானவன் நான். எனவே இந்தக் கல்லைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்லமாட்டேன். கட்டி முடியும்வரை கேட்டுக்கொண்டிருப்போம் என்று மட்டும் சொல்வேன். மைதானம் மட்டும் போதாது. பயிற்றுநர் வேண்டும், நல்ல ஆடுகளம் வேண்டும், கொழும்புக் கழகங்களின் தெரிவுக்கு வரும் பிள்ளைக்குத் தங்க ஓர் இடம் வேண்டும்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து இதை வாசிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தொடரின் நடுவில், உங்கள் அணி உள்ளே போகுமா என்று கணக்குப் போடுங்கள். தாராளமாகச் சண்டை பிடியுங்கள். எதிரில் இருப்பவனின் சட்டை நிறத்தைக்கொண்டு அவன் யாருடைய ஆள் என்று மட்டும் தீர்ப்பெழுதாதீர்கள். அந்தக் கணக்கில் ஒரு சிறு பங்கை, நீங்கள் படித்த பாடசாலையின் மைதானத்துக்கும் ஒதுக்குங்கள். அங்கே வலை இருக்கிறதா, பந்து இருக்கிறதா, பயிற்றுநருக்குச் சம்பளம் போகிறதா என்று விசாரியுங்கள்.

சென்ற முறை முடி வெட்டப் போனபோது என்னிடமும் கேட்டார்கள். "சேர், நீங்க கடைசி வரைக்கும் சொல்லவே இல்லயே, உங்கட டீம் எது?"

சொன்னேன். கத்தரிக்கோல் மறுபடி நின்றுவிட்டது. வீட்டுக்குப் போகும்போது மணி ஒன்பது தாண்டியிருந்தது.