சுமத்தலும் சுமத்துதலும்

பாவம், மன்னிப்பு என்பன கிறித்தவ ஆலயப் பிரசங்கத்திற்கே உரிய சொற்கள் என்று கருதுவார் நம்மிற் பலர். அவை பற்றிய ஆராய்ச்சி பாதிரிமாருக்கும் வேத மாணாக்கர்க்குமே வேண்டற்பாலது என்பது அவர் எண்ணம். ஆயின், அடுக்களையிலும் அங்காடியிலும் நாம் நாடோறும் வழங்குந் தமிழை உற்று நோக்குவார்க்கு, கிறித்து சமயம் இவ்விரண்டையும் பற்றிக் கூறும் உண்மைகள் சில அத்தமிழினுள்ளேயே பொதிந்து கிடத்தல் புலனாகும்.

முதற்கண் ‘பிழை’ என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்வோம். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியிலே பாவத்தைக் குறிக்கப் பெரிதும் வழங்குவது ‘ஹமார்த்தியா’ என்னுஞ் சொல். குறி தவறுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். நம் பழந்தமிழிலும் குறி தவறுதலுக்குப் பிழைத்தல் என்பதே பெயர். திருக்குறளிலே படைச்செருக்கு அதிகாரத்தில் வேலானது யானையைத் தவறவிட்டமை இவ்வினையாலேயே சுட்டப்படுகின்றது. அதே வினை ‘உயிர் பிழைத்தான்’ என்றவிடத்து வாழ்தலையுங் குறிக்கின்றது. தவறினவன் அத்தவறோடு அழிந்தொழிய வேண்டுவதில்லை, அவன் பிழைக்கவும் இடமுண்டு என்று இம்மொழி நமக்குச் சொல்லுவது போலும்.

‘பாவம்’ என்னுஞ் சொல்லின் வழக்கு இதனினும் வியப்புடையது. தீவினையைக் குறிக்கும் அச்சொல்லையே துன்புறுவானைக் கண்டவிடத்து இரக்கக் குறிப்பாகவும் சொல்லுகின்றோம். ‘ஐயோ பாவம்’ என்னும் ஒரு கிழவியின் வாய்மொழியிலே குற்றமும் இரக்கமும் ஒருங்கே நிற்கின்றன. பாவியை வெறுத்தொதுக்காது அவனோடு ஒரு பந்தியில் அமர்ந்த இயேசுநாதரின் ஒழுக்கத்திற்கு இதனினும் சிறந்த உரை வேண்டுமோ?

இனி மன்னிப்புக்கு வருவோம். ‘என் பிழையைப் பொறுத்தருள்க’ என்பது நம் மரபு. பொறுத்தல் என்பது சுமத்தல். பொறை என்பது சுமை. எபிரேய மொழியிலும் இவ்வாறே தூக்குதல், சுமத்தல் என்னும் பொருளுடைய ‘நாசா’ என்னும் வினை, பாவத்தை மன்னித்தலையும் பழைய ஏற்பாட்டிற் குறிக்கின்றது. ஒன்றோடொன்று உறவில்லாத இரு மொழிகள் இவ்வாறு ஒத்து நிற்றல் சிந்திக்கத்தக்கது. மன்னித்தலாவது குற்றத்தை இல்லையென்று ஆக்குவதன்று. அதன் பாரத்தை ஒருவர் தம்மேல் ஏற்றுக்கொள்வது.

இதனை விளக்கப் பெருநூல்கள் வேண்டா. ஊர்க்கடைக் கடன் கொப்பி ஒன்றே போதும். தொழிலின்றி வாடும் ஒருவன் பெயருக்கு நேரே உள்ள தொகையைக் கடைக்காரர் வெட்டிவிடுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அரிசியும் பருப்பும் உண்ணப்பட்டுவிட்டன; அவற்றின் விலையை எவரேனும் இறுத்தேயாகல் வேண்டும். கடைக்காரர் கோடிட்ட அந்நொடியே அந்நட்டம் அவர் தலைமேல் ஏறிற்று. கடன் அழியவில்லை, சுமப்பவரே மாறினார்.

மத்தேயு சுவிசேடம் 18ஆம் அதிகாரத்தில் வரும் உவமையும் கடன் பற்றியதே. ஓர் அரசன் தன் ஊழியன் பட்ட 10,000 தாலந்துக் கடனை மன்னிக்கின்றான். அவ்வூழியனோ வெளியே சென்று, தனக்கு 100 தெனாரி தரவேண்டிய உடனூழியனின் கழுத்தைப் பிடிக்கின்றான். ஒரு தெனாரி அந்நாளில் ஒரு தொழிலாளியின் நாட்கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரி. கணக்கிட்டுப் பார்ப்பின் முதற்கடன் இரண்டாவதனினும் ஆறு இலட்சம் மடங்கு பெரிதாகின்றது. அரசன் அத்துணைப் பெரிய நட்டத்தைத் தான் சுமந்தான்; ஊழியனோ 100 நாட்கூலியைச் சுமக்கவும் ஒருப்படவில்லை. எல்லை வேலி ஒரு சாண் நகர்ந்ததற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடி, உடன்பிறந்தார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் போகாதிருக்கும் நம்மவர்க்கு இவ்வுவமை அயலதன்று.

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட நூலில், முதுகிற் பாரஞ் சுமந்து வரும் யாத்திரிகன் சிலுவையின் முன் வந்தபோது அப்பாரம் கழன்று வீழ்கின்றது. அந்நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அவர்கள் யாத்த இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. பாவத்தைச் சுமையாகக் காணும் அக்கருத்து நம்மவர்க்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்கள் சில இன்றும் நிற்கின்றன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நிறுத்துதல் வழக்கம். தான் இறக்கிவைக்க இயலாது போன சுமைக்காக வருந்தியவள் பெயரால், பிறர் சுமை இறக்க ஓரிடம் அமைத்தனர் நம் முன்னோர்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். சுமத்தல் வேறு, சுமத்துதல் வேறு. முன்னது தானே ஏற்பது. பின்னது பிறர்மேல் ஏற்றுவது. ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்று அறிவுரை கூறுவோரிற் பெரும்பாலார் தாம் ஒன்றையும் பொறுக்க வேண்டிய நிலையில் இல்லாதவரே. அடியுண்ட மனைவியை நோக்கி ‘பொறுத்துப் போ’ என்பார், அடித்தவனை நோக்கி ஒரு சொல்லுஞ் சொல்லார். 2009இற் போர் முடிந்தபின் நம் நாட்டில் நல்லிணக்கம் என்னுஞ் சொல் மேடைதோறும் ஒலித்தது. 2017ஆம் ஆண்டு தொடக்கம் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்து கேட்டதோ, தம் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்னும் உண்மையை. உண்மையைக் கூறாது ‘மறந்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள்’ என்பது, முன்னமே பாரஞ் சுமக்கும் முதுகில் இன்னொரு மூட்டையை ஏற்றுவதாகும்.

சுவிசேடம் அவ்வாறு கற்பிக்கவில்லை. சகோதரன் குற்றஞ் செய்தால் அவனைக் கடிந்துகொள், அவன் மனந்திரும்பினால் மன்னி என்பது லூக்கா 17ஆம் அதிகாரத்தின் கருத்து. 19ஆம் அதிகாரத்து வரித்தண்டலாளன் சகேயு, தான் வஞ்சித்துப் பெற்றதை நான்மடங்காகத் திருப்பித் தர முன்வருகின்றான். இயேசுநாதர் அவன் இல்லத்திற்கு முந்தியே சென்றார் என்பது உண்மை. ஆயினும், மீட்பு அவ்வீட்டிற்கு வந்ததென்று கூறியது அவன் அவ்வாறு உறுதி மொழிந்த பின்னரே. அன்பு முந்துக, ஆயின் உண்மையும் ஈடும் ஒழியற்க.

ஆதலின், ஆசிரியர்களாகிய நாம் மாணாக்கரிடத்து இதனை உணர்த்துதல் கடன். வகுப்பிற் சண்டையிட்ட சிறுவர் இருவரையும் நிறுத்தி, ‘மன்னிப்புக் கேள்’ என்று அதட்டிக் கைகுலுக்கச் செய்வதோடு நம் பணி முடிந்துவிடாது. கிழித்த புத்தகத்தை ஒட்டித் தரச் சொல்லுவோம்; சொன்ன பொய்யைத் திருத்திச் சொல்லச் செய்வோம். புத்தகம் இழந்த பிள்ளை அதன்பின் தானாகவே முகமலர்ந்து ‘பரவாயில்லை’ என்னுமாயின், அப்பிள்ளை ஒரு சிறு சுமையை விரும்பித் தன் தோளிற் கொண்டது என்க. அவ்விருப்பம் வரும்வரை காத்திருத்தல் நம் பொறை. அதனை வலிந்து பெற எவர்க்கும் உரிமையில்லை.