தலையசைப்பின் பொருள்

பிறநாடு செல்லும் சைவ உணவினர்க்கு முதலில் எழும் கவலை வயிற்றைப் பற்றியதே. பல்கேரியாவுக்குப் புறப்பட்டபோது நம்மையும் அக்கவலை பற்றிக்கொண்டது. குளிர்நாட்டில் இறைச்சியன்றி வேறென்ன கிடைக்கப்போகிறது என்றெண்ணி, ஊறுகாய்ப் போத்தலும் அவற் பொதியுமாகப் பெட்டியைக் கட்டினோம். அவ்வெண்ணம் பிழை என்பதை ஒரு கிண்ணம் சூப் நமக்கு உணர்த்திற்று.

தலைநகராகிய சோபியாவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீற்றர் தொலைவில், மலைகளினிடையே ரீலா மடாலயம் அமைந்துள்ளது. 10ஆம் நூற்றாண்டில் தோன்றிய இத்துறவிமடத்தை 1983இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. அதனைக் கண்டு மீளும் வழியில் ஒரு சிற்றுணவகத்திற் புகுந்தோம். மூதாட்டியொருவர் ஆவி பறக்கும் சூப்பை நம்முன் வைத்தார். "மெசோ?" என்று வினவினோம். இறைச்சிக்கு அவர்கள் மொழியில் அதுவே பெயர். அவர் தலையை மேலும் கீழுமாக அசைத்தார். இறைச்சி உண்டென்று கருதிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தோம். அவர் முகம் வாடிற்று.

அயலிலிருந்த மாணவர் ஒருவர் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் விளக்கினார். பல்கேரிய வழக்கிலே மேலுங் கீழும் அசைத்தால் 'இல்லை'. பக்கவாட்டில் அசைத்தால் 'ஆம்'. நாம் நாணினோம். தலையைப் பக்கவாட்டிற் சாய்த்தே 'ஓம்' என்று சொல்லிப் பழகிய நாமா இதனை அறியாதுவிட்டோம்!

அந்தச் சூப்புக்கு 'பொப் சொர்பா' என்று பெயர். வெள்ளை அவரை விதை, வெங்காயம், கரட், தக்காளி ஆகியவற்றை மெல்ல வேகவைத்துப் புதினா இனத்து இலை சேர்த்துச் சமைப்பர். இறைச்சியின்றி ஆக்குவதை 'மடாலய முறை' என்பர். ஏனெனில் அந்நாட்டுக் கிறித்தவர் நோன்பு நாட்களில் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விலக்குவர். நத்தார் முன்னிரவிலும் மரக்கறி உணவுகளையே, ஒற்றைப்படை எண்ணிக்கையில், மேசையிற் படைப்பர். விரதச் சமையல் நமக்கே உரியது என்று செருக்குவார் இதனைச் சிந்திக்க.

பாணுடன் வந்த 'சாரெனா சொல்' என்னும் வண்ண உப்பைத் தொட்டு நாவில் வைத்தோம். உப்போடும் மிளகாய்த் தூளோடும் உலர்ந்த இலைகளோடும் நம் வெந்தயத்தின் மணமும் வந்தது! 'தரத்தோர்' என்பதோ தயிரை நீராக்கி, வெள்ளரிக்காய், உள்ளி, வால்நட் பருப்பு கலந்த குளிர்ந்த சூப். கோடையில் மோர் அருந்தும் நமக்கு அது புதியதாகவே தோன்றவில்லை.

தயிர் அவர்களுக்குப் பெருமைக்குரிய பொருள். 1878இற் பிறந்த ஸ்தமென் கிரிகோரோவ் என்னும் பல்கேரியர், 1905இல் ஜெனீவாவில் ஆராய்ச்சி செய்தபோது, தம் நாட்டுத் தயிரிலிருந்த நுண்ணுயிரைக் கண்டறிந்தார். அவ்வுயிர் இன்றும் பல்கேரியாவின் பெயரையே தாங்கி நிற்கிறது. பாலிலுள்ள வெல்லத்தை அமிலமாக்கிப் பாலை உறையச் செய்வது அதன் தொழில்.

மரபென்று நாம் கருதுவன யாவும் பழையன அல்ல என்பதையும் அங்குக் கற்றோம். தக்காளி, வெள்ளரி, வெண் பாற்கட்டி சேர்ந்த 'சொப்ஸ்கா' சலாது, அந்நாட்டின் அடையாளமாகவே போற்றப்படுவது. ஆயினும் 1950களிலும் 60களிலும் அரசின் சுற்றுலா நிறுவனமே அதனைப் பரப்பிற்று. வெண்மை, பச்சை, சிவப்பு என்னும் கொடியின் நிறங்கள் அதில் உள்ளன.

உண்டு முடிந்ததும் மூதாட்டி மீண்டும் வந்து, அகப்பையை உயர்த்தி, இன்னும் வேண்டுமா என்பதுபோல் நோக்கினார். நாம் ஊர் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் அசைத்தோம். வாடிய முகம் மலர்ந்தது, கிண்ணம் நிறைந்தது.

மாணவச் செல்வங்களே, வேற்றார் இட்ட உணவை மறுக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை கேட்டறியுங்கள். நமது ஊறுகாய்ப் போத்தல் மூடி திறவாமலே வீடு திரும்பியது.