ஹால்சாண்ட்ஸைக் கடல் கொண்டு போகவில்லை

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் ஒரு சந்தேகம் வந்தது. காசு கொடுக்காமல் கிடைக்கும் கச்சாப் பொருளுக்குக் கணக்கில் என்ன எழுதுவது? பூஜ்யம்தான், வேறென்ன என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி எதையோ தேடப் போய் ஹால்சாண்ட்ஸ் என்ற ஊரின் கதையைப் படித்தேன். அதற்கப்புறம் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் என்றொரு பகுதி. அதன் தென்கோடியில் ஸ்டார்ட் பாயிண்ட் என்ற முனை, 1836-ல் கட்டிய கலங்கரை விளக்கத்தோடு கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த முனைக்கு வடக்கே ஒரு மைல் தூரத்தில், மலைச்சரிவுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த துளியூண்டு இடத்தில் இந்தக் கிராமம் இருந்தது. 1891 கணக்குப்படி 37 வீடுகள், 159 பேர். ஒரு நீரூற்று. லண்டன் இன் என்று ஒரு மதுக்கடை. (லண்டனுக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தமோ!) அவ்வளவுதான் ஊர்.

இங்கிலாந்தின் கடலோரக் கிராமம் என்றால் நமக்கெல்லாம் வாழ்த்து அட்டையில் வரும் வெள்ளைச் சுவரும் பூந்தொட்டியும்தான் ஞாபகம் வரும். ஹால்சாண்ட்ஸ் அந்த ரகம் இல்லை. முழுக்க முழுக்க உழைக்கிற ஊர். ஸ்கெரீஸ் என்ற கடலடி மேட்டில் நண்டு பிடிப்பதுதான் முக்கியத் தொழில். வில்லோ மரக் குச்சிகளை வளைத்து நண்டுக் கூடைகளை அவர்களே பின்னிக்கொள்வார்கள். படகு திரும்பி வரும்போது நியூஃபவுண்ட்லேண்ட் வகை நாய்கள் அலையில் குதித்து நீந்திப்போய்க் கயிற்றின் நுனியைக் கவ்விக்கொண்டு கரைக்கு வரும். அந்தக் கயிற்றைப் பிடித்துக் கரையில் நிற்பவர்கள், பெண்கள் உட்பட, படகை மேலே இழுப்பார்கள். நாயும் ஊழியர்தான் என்று சொல்லலாம், சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத ஊழியர்.

அந்தப் பட்டியலில் இல்லாத இன்னொரு ஊழியரும் இருந்தார். அதுதான் கரை. மணல் கரை அல்ல, கூழாங்கல் கரை. வீடுகள் பாதி பாறைத் திட்டின் மேலும், பாதி பாறை இடுக்குகளில் நிரம்பியிருந்த கூழாங்கல்லின் மேலும் கட்டப்பட்டவை. முன்னால் அகலமாகக் கிடந்த கூழாங்கல் மேடுதான் அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டது. படகுகளை நிறுத்தி வைத்ததும் அதன் மேல்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1890களில் பிரிட்டிஷ் கடற்படை, பிளிமத் பக்கத்தில் இருக்கும் டெவன்போர்ட் கப்பல்துறையைப் பெரிதாக்கியது. கான்கிரீட் போட மணலும் சரளையும் மலைமலையாக வேண்டும். காண்ட்ராக்ட் எடுத்தவர் சர் ஜான் ஜாக்ஸன். வர்த்தக வாரியம் அவருக்கு உரிமம் கொடுத்தது. ஹால்சாண்ட்ஸுக்கும் பக்கத்து ஊரான பீசாண்ட்ஸுக்கும் இடையில் கரையோரத்தில் தூர்வாரி அள்ளிக்கொள்ளலாம். 1897 ஏப்ரலில் வேலை ஆரம்பம். ஒரு நாளைக்கு 1,600 டன் வரை அள்ளினார்கள்.

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. எதிர்ப்பு வந்தது, வாரியம் விசாரித்தது. பெரிய ஆபத்து எதுவும் வராது, அள்ளிய பள்ளத்தைக் கடலே திரும்ப நிரப்பிவிடும் என்று முடிவு செய்தது. மீன்பிடிப்பு கெடுவதற்கு நஷ்டஈடாக ஜாக்ஸன் வருஷத்துக்கு 125 பவுண்டு தர ஒப்புக்கொண்டார்.

கால்குலேட்டரைக் கையில் எடுத்தேன், பழக்கதோஷம். வீட்டுக்கு வீடு பிரித்ததாக வைத்துக்கொண்டால், 125-ஐ 37-ஆல் வகுத்தால் வீட்டுக்கு வருஷம் மூன்றரை பவுண்டு கூட இல்லை. ஒரு நாளைக்கு இரண்டே கால் பென்னி கூட வராது. அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டார்களே, அப்புறம் என்ன புலம்பல் என்று கேட்பவர்கள் இருக்கலாம். அவர்கள் வாங்கியது மீன்பிடிப்புக்கு வந்த இடைஞ்சலுக்கு. வீட்டுக்கு அடியில் இருக்கும் தரைக்கு யாரும் விலை பேசவே இல்லை. விலை பேசாத ஒன்றை விற்றுவிட்டார்கள் என்று எந்தச் சட்டப் புத்தகத்தை வைத்துச் சொல்வது?

பள்ளத்தைக் கடல் நிரப்பியது உண்மைதான். எதைக் கொண்டு? கரையில் கிடந்த கூழாங்கல்லைக் கொண்டு! அந்த விரிகுடாவின் கற்களில் பெரும்பகுதி ஃபிளிண்ட் என்ற சிக்கிமுக்கிக் கல். ஆனால் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் அந்தக் கல்லே கிடையாது. பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது வெளியிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த பழைய சரக்கு அது. புதுச் சரக்கு வர வழியே இல்லை. வருமானம் என்று நினைத்து எடுத்தது முதலை. முதல் வருஷ மாணவனுக்குக் கூட இந்த வித்தியாசம் தெரியும். வாரியத்துக்குத் தெரியவில்லை.

1900-க்குள் கரை இறங்க ஆரம்பித்துவிட்டது. அந்த நவம்பரில் வீடுகள் சேதமாவதாகத் தங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுத்தார்கள். 1901-ல் வந்த புது ஆய்வாளர் நிறுத்தச் சொன்னார். 1902 ஜனவரி 8-ம் தேதி உரிமம் ரத்தானது. அதற்குள் சுமார் 6,50,000 டன் போயிருந்தது. பிளிமத்தைச் சேர்ந்த பொறியாளர் ரிச்சர்ட் ஹான்ஸ்ஃபோர்ட் வொர்த் கரையை அளந்து, என்ன போயிற்று, ஏன் போயிற்று என்று ஆதாரத்தோடு எழுதி வைத்தார். கடற்சுவர் எழுப்பினார்கள். பதினைந்து வருஷம் ஓடியது.

1917 ஜனவரி 26. கிழக்கிலிருந்து புயல்காற்று, கூடவே வழக்கத்தை மீறிய கடல் ஏற்றம். சுவர் தாங்கவில்லை. ஜனங்கள் மேட்டுக்கு ஏறித் தப்பினார்கள், ஒரு உயிர் கூடப் போகவில்லை. அந்த வருஷம் முடியும்போது குடியிருக்க லாயக்கான வீடு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். நஷ்டஈட்டுக்கு ஏழு வருஷம் போராடினார்கள். நடந்துகொண்டிருந்ததோ உலகப்போர், எதிரில் இருந்ததோ கடற்படைக்காக வேலை செய்த அரசாங்கம்.

இந்த ஊரைப் பற்றி எங்கே படித்தாலும் 'கடல் விழுங்கிய கிராமம்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் சோகம், கொஞ்சம் கவிதை. எனக்கு அதில்தான் கோபம். வீட்டின் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனவரை விட்டுவிட்டு உள்ளே வந்த நாயை அடிக்கிற மாதிரி இருக்கிறது. கடல் தினமும் வந்துகொண்டுதான் இருந்தது, தலைமுறை தலைமுறையாக. புதிதாக வந்தது ஒரு காண்ட்ராக்ட்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த விரிகுடாவில் எல்லாச் சேதத்துக்கும் ஜாக்ஸன்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வடக்கே ஸ்லாப்டனில் கூழாங்கல் மேட்டின் மேல் போகும் சாலையை 2001-லும் 2018-லும் புயல் பிய்த்துப் போட்டது. ஒவ்வொன்றையும் நூறு வருஷத்துக்கு முந்தைய தூர்வாரலோடு முடிச்சுப் போட முடியாது. ஆனால் ஹால்சாண்ட்ஸ் விஷயத்தில் சந்தேகம் கிடையாது. அவர்கள் முதல் நாளே சொன்னார்கள். ஆபத்து உண்டு என்று நிரூபிக்கும் சுமை நண்டு பிடிப்பவர்கள் தலையில் விழுந்தது. ஆபத்து இல்லை என்று நிரூபிக்கச் சொல்லி ஒப்பந்தக்காரரை யாரும் இப்படிப் பிடித்து உலுக்கவில்லை. நிரூபணம் 1917-ல் கிடைத்தது, வீட்டோடு சேர்த்து.

டெவன்போர்ட் துறைமுகம் இன்றும் கடற்படைத் தளமாக இயங்குகிறது. அந்தக் கற்கள் அங்கே கான்கிரீட்டாக, சொத்துக் கணக்கில் பத்திரமாக இருக்கின்றன. இந்தப் பக்கம் மிச்சமிருந்த அந்த ஒற்றை வீட்டில் எலிசபெத் பிரெட்டிஜான் என்ற பெண்மணி தங்கிவிட்டார். மற்றவர்கள் எல்லோரும் போன பிறகும் அவர் நகரவில்லை. 1964-ல் இறக்கும் வரை அங்கேயேதான் இருந்தார்.