தோலின் சூடு இருதயத்தின் சாட்சி ஆகாது

தலவில புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவுக்கு வருவோரின் நெஞ்சுக்கு நேரே வெப்பக் கமராவைப் பிடித்தாலே இருதய அடைப்பைக் கண்டுவிடலாம் என்ற வாதம் ஆபத்தானது. அந்தக் கமரா பார்ப்பது தோலின் சூட்டை மட்டுமே. ஆகஸ்ட் வெயிலில் மணலில் நடந்து வந்தவரின் நெஞ்சில் வியர்வை வழியும். கடற்காற்றுப் பட்டதும் சூடு மாறும். விலா எலும்புக்கு உள்ளே, சில மில்லிமீற்றரே அகலமான, இருதயத்தின் முடியுரு நாடியில் இரத்த ஓட்டத்தை அது எப்படிச் சொல்லும்?

பைபாஸ் சத்திரசிகிச்சையில் நெஞ்சைத் திறந்தபின், பொருத்திய நாடியில் இரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க வெப்பப்படம் உதவியதுண்டு. நாடிக்குள் நுண்கம்பி செலுத்தி, உப்புநீர் பாய்ச்சி, வெப்பமாற்றத்தால் ஓட்டத்தைக் கணிப்பதும் உண்டு. இரண்டும் தோலைத் தாண்டி அளப்பவை.

நெஞ்சு இறுகி இடது கை உளைந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், ஈசிஜி எடுக்கட்டும். கமராவை நம்பிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசையின் உயிர்.