திரும்பி வரும் நூலும் பிடித்தமும்

பழுதுற்ற பொருளையோ விளம்பரத்துக்கு மாறான பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கலாகாது என்கின்றன இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். அது முறையே. ஆனால் குறையற்ற நூலொன்றைப் படித்து, முதுகு மடங்கிய பின் திருப்பியனுப்பினால், இணையச் சந்தையில் விற்கும் சிறு வணிகர் அதைப் புதியதென மீண்டும் விற்க இயலுமா? அவ்விழப்பை அவர் மட்டுமே சுமப்பது அறமன்று.

அதற்காகத் திருப்புவோர் அனைவரிடமும் 'ரீஸ்டாக்கிங் கட்டணம்' என ஒரே தொகையைப் பிடிப்பதையும் நாம் ஏற்பதற்கில்லை, அது தண்டம். பிரிட்டனின் 2013ஆம் ஆண்டு விதிகளின்படி, இணையத்தில் வாங்கியவர் 14 நாள்களுக்குள் காரணம் கூறாமலே விலகலாம். சோதித்துப் பார்க்கத் தேவையானதற்கு மேல் கையாண்டு மதிப்பைக் குறைத்திருந்தால், அக்குறைவுக்கு ஈடானதை மட்டும் விற்றவர் பிடித்துக்கொள்ளலாம். இழப்புக்கேற்ற பிடித்தம், அதுவும் முன்னரே அறிவித்து: நமக்கும் இதுவே நேர்மையான வழி.