யாரையும் முகம் சுளிக்க வைக்காத பாடல்

கனடாவைச் சேர்ந்த நிக்கல்பேக் என்னும் ராக் இசைக்குழுவின் இரண்டு பாடல்களை எடுத்து, ஒன்றை இடக்காதுக்கும் மற்றொன்றை வலக்காதுக்கும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டார் ஒரு ரசிகர். 2001இல் வெளியான 'ஹவ் யூ ரிமைண்ட் மீ' ஒரு பக்கம். 2003இல் வெளியான 'சம்டே' மறுபக்கம். இரண்டும் மோதிக்கொள்ளவில்லை. மெல்லிய இடம் மெல்லிய இடத்தோடும், பல்லவி பல்லவியோடும், கிதார் முழக்கம் முழக்கத்தோடும் ஏறக்குறையப் பொருந்தி நின்றன. இணையத்தில் பரவிய அந்த ஒலிக்கோப்பைக் கேட்ட ராக் ரசிகர்கள் பலர், தாங்கள் நெடுநாளாகக் கூறிவந்த குற்றச்சாட்டுக்குச் சான்று கிடைத்துவிட்டதாகக் கருதினர். வானொலிக்கென்று அச்சில் வார்த்தெடுக்கப்படும் பாடல்களைப் பாடல்கள் என்றே கொள்ள இயலாது என்பதுதான் அந்தக் குற்றச்சாட்டு.

இசை கேட்பது ஆகுமா என்னும் ஃபிக்ஹு விவாதம் இங்கே நம் பொருளன்று. அதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். அறவே கேட்காத குடும்பங்களும் நம்மிடையே உண்டு. ஆயினும் நம் பிள்ளைகள் பலரின் காதுகளில் இத்தகைய ஆங்கிலப் பாடல்கள் ஒலிக்கின்றன. "இது வெறும் ஃபார்முலா பாட்டு" என்று அவர்களே தங்களுக்குள் தீர்ப்பும் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி என்பது நம் கருத்து.

அச்சு என்று ஒன்று இருப்பது உண்மை. பாடல் மூன்று, நான்கு நிமிடங்களைத் தாண்டக் கூடாது. குரல் விரைவில் ஒலிக்க வேண்டும். முதல் நிமிடத்துக்குள் பல்லவி வந்துவிட வேண்டும். நீண்ட வாசிப்புகளுக்கு இடமில்லை. 1967இல் தி டோர்ஸ் குழு வெளியிட்ட 'லைட் மை ஃபயர்' ஏறத்தாழ ஏழு நிமிடப் பாடல். நடுவிலிருந்த ஆர்கன், கிதார் வாசிப்புகளை வெட்டி நீக்கிய பிறகே வானொலிகளுக்கு ஏற்றதாக அது கருதப்பட்டது.

ஆனால் அச்சுக்குள் அமைவதே குற்றமாகிவிடுமா? உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் 5,000க்கும் மேற்பட்ட பாடல்களை விருத்த யாப்புக்குள்தான் பாடினார். அளவு வரையறுக்கப்பட்டிருக்கிறது என்பதற்காக அதனை உயிரற்றது என்று சொல்பவர் எவருமில்லை. ராக் இசையிலேயே சான்று வேண்டுமெனில் பாஸ்டன் குழுவைப் பார்க்கலாம். 'கார்ப்பரேட் ராக்', அதாவது நிறுவனங்களின் தயாரிப்புச் சரக்கு, என்று எழுபதுகளின் இறுதியில் விமர்சகர்கள் ஏளனம் செய்த குழுக்களுள் அதுவும் ஒன்று. அந்தக் குழுவின் 1976ஆம் ஆண்டு முதல் தொகுப்பின் பெரும்பகுதியை, போலராய்டு நிறுவனத்தில் வேலை பார்த்துவந்த டாம் ஷோல்ஸ் என்னும் பொறியாளர் தம் வீட்டு நிலவறையில், தாமே கருவிகளை அமைத்துப் பதிவு செய்தார். அதே ஏளனத்துக்கு ஆளான ஜர்னி குழுவின் 'டோண்ட் ஸ்டாப் பிலீவின்' (1981) பாடலில், தலைப்பைத் தாங்கிய பல்லவி வருவது பாடல் முடியும் தறுவாயில்தான். அச்சின் முதன்மையான விதியையே அது மீறுகிறது. இத்தனைக்கும் இந்த இரண்டையும் 'ஃபார்முலா' என்றே பலர் இன்றும் சொல்லிவருகிறார்கள். ரசிகர்களின் காது சில வேளைகளில் பாடலைக் கேட்பதில்லை. பாடலைப் பற்றிய பேச்சைத்தான் கேட்கிறது.

நம் பார்வையில், கோளாறு இருப்பது பாடலைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில். அமெரிக்க வானொலி நிலையங்கள் நேயர்களைத் தொலைபேசியில் அழைத்து, பாடலின் சில நொடிகளை மட்டும் ஒலிக்கவிட்டுக் கருத்துக் கேட்பதை நெடுங்கால வழக்கமாகக் கொண்டிருந்தன. பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா, சலித்துவிட்டதா? அவர்கள் உண்மையில் அறிய விரும்பியது, இந்தப் பாடல் வரும்போது நேயர் நிலையத்தை மாற்றிவிடுவாரா என்பதைத்தான். மாற்றிவிட்டால் விளம்பரமும் கேட்கப்படாமல் போகும். ஆக, பலரை உள்ளம் உருக வைத்துச் சிலரை முகம் சுளிக்க வைக்கும் பாடல் தோற்கும். யாரையும் எதுவும் செய்யாத பாடல் வெல்லும்.

ஓர் ஊரில் பத்து நிலையங்களைப் பத்துப் பேர் நடத்தினால், ஒருவர் விட்டதை மற்றொருவர் ஒலிபரப்பக்கூடும். 1996இல் அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் அந்த வாய்ப்பைச் சுருக்கியது. அதுவரை நாடு முழுவதும் ஒரு நிறுவனம் 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்றிருந்த வரம்பு நீக்கப்பட்டது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்னும் ஒரே நிறுவனத்திடம் 1,000க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. நிக்கல்பேக்கின் வெற்றி இந்தக் காலத்தில் நிகழ்ந்தது. பாடியவர்கள் மீது ரசிகர்கள் கொண்ட கோபம் எவ்வளவு பெரிதென்றால், 2011இல் டெட்ராய்ட் நகரக் கால்பந்தாட்ட இடைவேளையில் அக்குழு பாடக் கூடாதென்று 50,000க்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். ஆனால் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தை எத்தனை ரசிகர்கள் அறிந்திருப்பார்கள்?

அந்தத் தேர்வுமுறையின் விலை 2001 செப்டம்பரில் வெளிப்பட்டது. நியூயார்க், வாஷிங்டன் தாக்குதல்களுக்குப் பின், ஒலிபரப்புமுன் யோசிக்க வேண்டியவை என 150க்கும் மேற்பட்ட பாடல்களின் பட்டியல் ஒன்று கிளியர் சேனல் நிலையங்களுக்கிடையே சுற்றில் விடப்பட்டது. இது தடை அன்று என்று நிறுவனம் விளக்கம் தந்தது. ஜான் லெனனின் 'இமேஜின்' அதில் இருந்தது. கேட் ஸ்டீவன்ஸ் 1971இல் பாடிய 'பீஸ் டிரெய்ன்' என்னும் சமாதானப் பாடலும் இருந்தது.

கேட் ஸ்டீவன்ஸ் யாரென்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1977இல் இஸ்லாத்தைத் தழுவி, புகழின் உச்சியிலிருந்த பாடகர் வாழ்வை விட்டு நீங்கி, 1983இல் லண்டனில் முஸ்லிம் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியை நிறுவிய யூசுஃப் இஸ்லாம்தான் அவர். அந்தத் துயர நாட்களில் ஒரு நேயரேனும் முகம் சுளித்துவிடுவாரோ என்று தயங்கிய கணக்கு, அந்நாட்களுக்கு மிகவும் தேவைப்பட்ட பாடலையே ஐயத்துக்குரியதாக்கிவிட்டது. அவரோ, அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் நிதிதிரட்டும் இசைநிகழ்ச்சியை ஒட்டிய தொலைக்காட்சி ஒளிபரப்பில் தோன்றி, தாக்குதல்களைக் கண்டித்துப் பேசியபின் அதே பாடலை இசைக்கருவி எதுவுமின்றிப் பாடினார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொதுவெளியில் அவர் பாடாதிருந்த பாடல் அது.

இப்போது வானொலியின் இடத்தைக் கைப்பேசிச் செயலிகள் பிடித்துக்கொண்டன. அங்கும் அதே கேள்விதான், இன்னும் கூர்மையாக. ஸ்பாட்டிஃபை செயலியில் 30 நொடிகள் கேட்கப்பட்டால்தான் ஒரு பாடல் கணக்கில் சேரும். அதற்குமுன் விரல் தள்ளிவிட்டால் வருவாய் இல்லை. எனவே பல்லவியோடே தொடங்கும் பாடல்கள் பெருகுகின்றன. (நம் இஸ்லாமியப் பாடல்களை மட்டும் இது தீண்டவில்லை என்று எண்ண வேண்டாம். கேட்டுப் பழகிய சினிமா மெட்டில் சொற்களை மாற்றிப் பாடினால் எவரும் எழுந்து போகமாட்டார்கள் என்னும் எண்ணமும் இதே வகைதான். நாகூர் ஹனீஃபாவின் குரலை முதல் அடியிலேயே அடையாளம் கண்டுகொள்ளும் நம் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.)

செவி ஓர் அமானிதம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். தகாதவற்றைக் கேட்காதிருத்தல் என்ற அளவில் அந்தப் பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. யார் தேர்ந்தெடுத்துத் தந்ததைக் கேட்கிறோம் என்பதை வீட்டில் நாம் பேசுவதே இல்லை. நிக்கல்பேக்கை நண்பர்களோடு சேர்ந்து கேலி செய்யும் அதே பிள்ளை, செயலி அடுத்ததாக நீட்டும் பாடலை, அதன் பெயரைக்கூடப் பார்க்காமல், இரவு முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.